கணக்கு சாரின் நடை

ஆங்கிலத்தில் நிலையில்லாமல் நடப்பதற்கு மட்டும் எத்தனை வினைச்சொற்கள் உண்டு என்று ஒரு காலத்தில் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஸ்டாகர், டாட்டர், ரீல், லர்ச், ஸ்டம்பிள், ஹாபிள், லிம்ப், ஷஃபிள், வாடில், டாடில், ஸ்வே. பதினொன்று. சொல்வது மட்டுமில்லை, பதினொன்றையும் தனித்தனியாக நடந்தே காட்டுவேன். அதில் எனக்கு அசாத்தியத் தலைக்கனம் இருந்தது. இப்போது பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சைக்குப் படிக்கும்போது இதில் ஏதாவது ஒரு சொல்லைக் கொண்டுவந்து கேட்டால், அகராதியைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிடுகிறேன். மாமிக்கு மறதி வந்துவிட்டது என்று அவள் வீட்டில் போய்ச் சொன்னாளாம். சொல்லிக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளில் நான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டுடோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். வலியசாலையில் வீடு. குடையை விரித்துக்கொண்டு நடந்தால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். எம்.ஏ. படித்துவிட்டு அரசாங்க வேலைக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டுக் கை ஓய்ந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு இந்த ஊரில் ஏதோ ஒரு டுடோரியலில்தான் இருந்தோம். எங்களுடையது ஒரு பழைய ஓட்டு வீடு. மாடியில் இருந்த நீளமான கூடத்தை மூங்கில் தட்டி வைத்து நான்காகத் தடுத்திருந்தார்கள். ஒரு வகுப்பில் தும்மினால் பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்க்கும். படிக்க வந்தவர்கள் ஏற்கெனவே ஒரு முறையோ இரண்டு முறையோ தோற்றவர்கள். பெரும்பாலும் அவர்களைக் கவிழ்த்துவிட்டது ஆங்கிலம்.

அந்தப் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. பதினொரு சொல்லுக்கும் மலையாளத்தில் அவர்கள் ஒரே அர்த்தம்தான் எழுதிக்கொண்டார்கள், வேச்சு வேச்சு நடக்குக என்று. தமிழ் தெரிந்த ஒன்றிரண்டு பேரைத் தமிழில் எழுதச் சொன்னாலும் தள்ளாட்டம், தடுமாற்றம் என்று இரண்டு மூன்றில் நின்றுவிடும். அதனால் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து காட்ட ஆரம்பித்தேன். வாத்துக்கு வாடில். புதிதாக நடை பழகும் குழந்தைக்கு டாடில். கோயில் வரிசையில் யாரும் கை பிடிக்காமல் நகரும் கிழவருக்கு டாட்டர். ஸ்டாண்டில் பஸ் ஏறி உட்காருமுன் டிரைவர் கியரைப் போட, நின்றவர்கள் மொத்தமும் ஒரு பக்கம் சாய்வார்களே, அது லர்ச். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிரித்ததை மறக்கவும் இல்லை. பரீட்சையில் பாஸாகிப் போனவர்கள் தம்பி தங்கைகளை என் பெயர் சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிரின்சிப்பாலுக்கு நான் செல்லப்பிள்ளையானேன்.

பக்கத்துத் தட்டிக்கு அந்தப்புறம் கணக்கு சார். பாறசாலைக்காரர். தமிழ் கிறிஸ்தவக் குடும்பம், வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் பக்கத்துப் பக்கத்து நாற்காலி தானாக அமைந்தது. அவர் தமிழ் எனக்குச் சிரிப்பாக இருக்கும், என்னுடையது அவருக்கு. ‘வந்துட்டேளா’ என்று நான் கேட்டால், ‘வந்தாச்சு கேட்டேளா’ என்று என்னைப்போலவே இழுத்துச் சொல்லுவார். ஆனால் மத்தியானம் டிபன் பாத்திரத்தைத் திறக்குமுன் எழுந்துவிடுவார்.

“இன்னைக்கு மீனாக்கும் டீச்சர். நான் அங்கண போய் இருந்து தின்னுக்கிடுதேன்.”

“பரவாயில்ல சார், இருங்கோ.”

“டீச்சருக்க மூக்கு எனக்குத் தெரியாதா?”

என் மூக்கு அங்கே பிரசித்தம். வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத வீட்டில் வளர்ந்த மூக்கு. மாடிப்படி ஏறும்போதே யார் டிபனில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை பிரின்சிப்பால் அறை பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று நான் சொல்ல, யாரும் நம்பாமல், இரண்டு நாள் கழித்து பீரோவை நகர்த்திப் பார்த்து எடுத்தார்கள். அதிலிருந்து எந்த வாசனைச் சந்தேகம் வந்தாலும் ‘டீச்சரைக் கூப்பிடு’ என்பது ஒரு தமாஷாகிவிட்டது. கணக்கு சார் மட்டும் அதைத் தமாஷாக்காமல், மூன்று வருடம் தினமும் ஜன்னலோரத்து பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

மூன்றாவது வருடத்தில்தான் அவர் நடை மாறியது. முதலில் கண்டது நான்தான் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி விஷயங்கள் என் கண்ணுக்குத் தப்பாது. கேட்டிலிருந்து படிவரை வரும்போது கால்களை அகட்டி வைத்தார். வலது காலை, தரை எங்கே இருக்கிறது என்று யூகித்து வைப்பது போல வைப்பார். கால் ஊன்றிய பிறகுதான் உடம்பு மேலே வந்து சேரும், வந்து சேர்ந்த வேகத்தில் கொஞ்சம் கடந்தும் போகும். திரும்பும் இடத்தில் கை சுவரைத் தேடும்.

“கால்ல என்ன சார்?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“புதுச் செருப்பு டீச்சர். வழுக்குது.”

மூன்று மாதம் கழித்தும் அது புதுச் செருப்பாகவே இருந்தது. அப்போதாவது திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்த நடையை நான் வேறு காரியத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டுவிட்டேன்.

ஸ்டாகர் என்ற சொல்லுக்கு வருடா வருடம் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவனைத்தான் நடந்து காட்டுவேன். அது பழசாகிவிட்டது, சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. அந்த வருடம் அந்தச் சொல் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. கரும்பலகையிலிருந்து திரும்பி, வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால்களை அகட்டி, வலது காலை யூகித்து வைத்து, உடம்பைப் பின்னால் வரவிட்டு, ஜன்னலிலிருந்து வாசல்வரை நடந்தேன். கடைசியில் கையை நீட்டிச் சுவரைத் தேடினேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த மாடி அதுவரை கேட்காத சிரிப்பு. பின் பெஞ்சுக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தட்டிக்கு அந்தப்புறம் கணக்கு சார் ஏதோ சமன்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தியதும், பிறகு மெல்லத் தொடர்ந்ததும் எனக்குக் கேட்டது. பிள்ளைகள் இன்னொரு தரம் என்றார்கள். இன்னொரு தரம் நடந்தேன்.

ஒரு வாரத்தில் டுடோரியல் முழுக்க அந்த நடைதான். இடைவேளையில் வராந்தாவில் நாலு பேர் வரிசையாக நடப்பார்கள். நான் கள்ளுக்கடைக்காரனுக்குச் சொன்ன அதே சொல்லுக்கு இவரை நடந்து காட்டியதால், பிள்ளைகள் சேர்த்துப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டார்கள். ‘சார் இந்நு நல்ல ஃபிட்டாணு’ என்று ஒருவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். குடித்திருப்பவரை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நான் அவனைத் திட்டினேன், திட்டும்போது சிரித்தும்விட்டேன் என்று ஞாபகம். திட்டியது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்காது.

பிறகு யாரோ ஒரு தகப்பனார் பிரின்சிப்பாலைப் பார்க்க வந்தார். காலை எட்டரை மணிக்கு உங்கள் கணக்கு வாத்தியார் ஸ்டாண்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், என் பெண்ணை எந்த நம்பிக்கையில் இங்கே அனுப்புவது என்று கேட்டாராம். மறுநாள் பிரின்சிப்பால் என்னைக் கூப்பிட்டார்.  என் வகுப்பு விவகாரம்தான் என்று நினைத்தேன். அவர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். கணக்கு சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன், வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்கிறார். கால் மட்டும் ஏனோ சொன்னபடி கேட்கவில்லையாம், ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறாராம். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஒன்று சொன்னார், டீச்சரிடம் கேளுங்கள், மூன்று வருடமாகப் பக்கத்தில் இருக்கிறார், அவர் மூக்குக்குத் தெரியும் என்றார்.

“டீச்சர் பறஞ்ஞா மதி,” என்று முடித்தார். நீங்கள் சொன்னால் போதும் என்று.

எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு எது தெரியாவிட்டாலும் அது தெரியும். மூன்று வருடம் அவரிடம் சோப்பு வாசனையும், சட்டைக் கஞ்சி வாசனையும், மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் மீன் வாசனையும் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. ‘இல்லை சார், அவர் குடிக்கிறவர் இல்லை’ என்று ஐந்து சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? பிறகு எப்படி எல்லாப் பிள்ளைகளும் அவரைக் குடிகாரர் என்கிறார்கள், அந்த நடையை யார் ஆரம்பித்து வைத்தது என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்கு என் பெயர்தான் பதில். 

“ஞான் ச்ரத்திச்சில்ல சார்,” என்றேன். கவனிக்கவில்லை என்று சொன்னேன். எலியைக் கண்டுபிடித்த மூக்கு.

பிரின்சிப்பால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சக ஆசிரியரைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் நாகரிகமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன், பார்த்தும் திருத்தவில்லை. பயம்தான். வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைத்ததில்லை.

கணக்கு சாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை பொருட்களை எடுத்துக்கொள்ள வந்தார். கரும்பலகையில் வட்டம் போடும் பெரிய மரக் காம்பஸ், ஒரு குடை, டிபன் பாத்திரம். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்த நோட்டு இல்லாமல் போனாலும் அன்றைக்குத் திருத்தியிருப்பேன்.

“வரட்டா டீச்சர்,” என்றார்.

“சரி சார்,” என்றேன். தலையைத் தூக்கவில்லை. அவர் படியிறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு காலும் இன்னொரு காலும் ஒரே இடைவெளியில் விழவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். ஸ்டாகர் வந்தது. நான் திரும்பவும் அதே நடையை நடந்தேன். ஆள் அங்கே இல்லாததால் இன்னும் சுலபமாக இருந்தது. புதுப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள். அதற்கடுத்த இரண்டு வருடமும் நடந்தேன்.

அவர் டுடோரியலை விட்டுப் போய் நாலு வருடம் கழித்து சாலை பஜாரில் பாத்திரக் கடையில் நிற்கிறேன். கல்லாவிலிருந்து ஒருவன் ‘டீச்சரே’ என்று எழுந்து வந்தான். என் பழைய மாணவன், பின் பெஞ்சு. தேநீர் வரவழைத்துக் கொடுத்து, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், கணக்கு சார் படுத்த படுக்கை, டீச்சர் அறிந்தீர்களா என்றான். மூளையின் பின்பக்கத்தில் ஏதோ நோயாம். மெல்ல மெல்ல வருவதாம், மருந்து கிடையாதாம். முதலில் நடைதான் போகுமாம். அப்போதே அவருக்கு அது ஆரம்பித்திருந்தது, நாங்கள்தான் தெரியாமல், என்று நிறுத்திக்கொண்டான். அவன் ‘நாங்கள்’ என்றுதான் சொன்னான். என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளவில்லை. என்னால் அந்தக் கடைக்குள் உட்கார முடியவில்லை, வாங்க வந்ததை வாங்காமல் வந்துவிட்டேன்.

உடனே போனேனா என்றால் இல்லை. எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். மழை என்றேன், பரீட்சை என்றேன், ஆடி மாதம் என்றேன். ஒரு சனிக்கிழமை வேறு சாக்கு எதுவும் மிச்சமில்லாமல் பாறசாலை பஸ்ஸில் ஏறினேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சார், அன்றைக்குப் பிரின்சிப்பால் கேட்டபோது நான் பொய் சொன்னேன். அவ்வளவுதான். நீட்டக் கூடாது, அழக் கூடாது. பாலராமபுரம் தாண்டும்போது திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

சின்ன வீடு, முன்னறையிலேயே கட்டில். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, இடையில் காத்திருந்து காத்திருந்து.

“வந்துட்டேளா,” என்றார். என்னைப்போலவே இழுத்து.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “வலியசாலை டீச்சர், வலியசாலை டீச்சர்னு எப்பளும் சொல்லுவாங்க. அவங்க வேலைய விட்ட பெறவு அங்கண உள்ள யாருமே வரல்ல. நீங்க ஒரு ஆளாவது வந்தியளே,” என்று சொல்லிவிட்டு, சாயா போட உள்ளே போனார். அவராகவே வேலையை விட்டுவிட்டதாகத்தான் மனைவிக்குச் சொல்லப்பட்டிருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நின்றது. டுடோரியலில் நாங்கள் லட்டு தின்றது இது பிறந்ததற்குத்தான். இப்போது ஆறு வயது.

நான் ஆரம்பித்தேன். “சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வகுப்பில நான்...”

“தட்டியில ஒரு ஓட்டை உண்டு,” என்றார். “டீச்சருக்குத் தெரியாது. பிள்ளைய எல்லாம் அந்த சிரி சிரிக்குதே, என்னதான் காட்டுதாங்கன்னு எட்டிப் பாத்தேன். பாத்த உடனே மனசிலாச்சு, அது நானாக்கும்னு. நான் அப்படி நடக்குதேன்னு அதுவர எனக்கே தெரியாது. பெறவுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

அவர் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகுதான் பிரின்சிப்பாலிடம், டீச்சரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். 

“பிரின்சிப்பால் எங்கிட்ட கேட்டப்போ...”

“டீச்சர் கவனிக்கல்லேன்னு சொன்னாரு.” விடையை வாசிப்பது போலச் சொன்னார்.  பிறகு, “அது போட்டும். எனக்கு ஒரு காரியம் செஞ்சு தரணும் டீச்சர்,” என்றார்.

“சொல்லுங்கோ சார்.”

“இவ என்னைக் கட்டில்லயும், செவுத்தப் பிடிச்சும்தான் கண்டிருக்கா. அப்பாக்கு நல்லா நடக்கத் தெரியுமான்னு கேக்குதா. போட்டோவுல நடக்க முடியாதே. டீச்சருக்கு யாரையும் நடந்து காட்ட முடியும். ஒண்ணு காட்டிக் குடுங்க.”

நான் எழுந்தேன். ஜன்னலோரம் போய் நின்று திரும்பினேன். கால் தானாக அகன்றது. வலது கால் தானாக யூகித்து விழுந்தது. இரண்டு அடி வைத்துவிட்டேன்.

“அது இல்ல டீச்சர்,” என்றார். குரலில் கோபமில்லை, அவசரம்தான் இருந்தது. “அது வேண்டாம். அதுக்கு முந்தி உள்ளது.”

அதற்கு முந்தியது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு தேடினேன். இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் காலை கேட்டிலிருந்து படிவரை அவர் நடந்து வந்ததை ஆசிரியர் அறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். குடை ஞாபகம் இருக்கிறது. மரக் காம்பஸ் ஞாபகம் இருக்கிறது. மீன் நாளில் டிபன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரத்துக்குப் போன முதுகுகூட ஞாபகம் இருக்கிறது. நடை இல்லை. கைகளை வீசுவாரா, வேகமா, மெதுவா, தலை குனிந்தா, எதுவும் இல்லை. அதில் தவறு எதுவும் இல்லாதவரை அது என் கண்ணில் படவே இல்லை. கோணலுக்கு என்னிடம் பதினொரு சொல் இருந்தது. நேராக நடந்த அந்த மனிதரை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வெறுமனே நிற்க முடியாது. நிமிர்ந்து, ஒரு கையை வீசி, ஒரு கையில் குடை இருப்பதாக வைத்துக்கொண்டு, ஜன்னலிலிருந்து வாசல்வரை நடந்தேன். ஏதோ ஓர் ஆண்பிள்ளை நடை. ஸ்டாண்டில் இறங்கிப் போகிற ஆயிரம் பேரில் யாருடையதாகவும் இருக்கலாம். வாசலில் நின்று திரும்பியபோது அவர் கண்ணைப் பார்த்தேன். அது தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

குழந்தை அவர் பக்கம் திரும்பியது. “அப்படியாப்பா நடப்ப?”

அவர் பதில் சொல்ல நேரம் ஆயிற்று. நோயால் ஆன நேரமா, வேறா, எனக்குத் தெரியாது.

“ஆமா மக்களே,” என்றார். “அப்படித்தான். டீச்சர் சரியா காட்டுனாங்க.”

குழந்தை கட்டில் காலை விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றது. நான் செய்தது போலவே நிமிர்ந்து, ஒரு கையை வீசி, இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தது. மறுபடி ஜன்னலுக்குப் போய் மறுபடி நடந்தது. அப்பா நடை, அப்பா நடை என்று உள்ளே பார்த்துக் கத்தியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், சாயா வரும்வரை.